தேய்த்துக் கழுவிய தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் 2 அடித் தொட்டியில் 4 கோல்டு ஃபிஷ் வளர்க்கிறோம். ஞாயிறுதோறும் மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்கிறேன். இவ்வளவு சுத்தமாக வைத்தும் மீன்கள் செத்துப்போகின்றன. வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது என்கிறார் என் மாமியார். உண்மையா?
– வாசகி, தாம்பரம்

பதில்: திருஷ்டி விஷயத்தில் உங்கள் மாமியாரோடு வாதாட நான் வரவில்லை, அம்மா. ஆனால் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம்தான்.

தண்ணீர் தெளிவாக இருந்தால் மீனுக்கு நல்லது என்று நாம் நம்புகிறோம். மீனோ தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. தண்ணீர் பளிங்குபோல் இருக்கும்போதே செவுள் புண்ணாகிக்கொண்டிருக்கும். காரத்தன்மை கூடிய போர் தண்ணீரும் வெயில் காலமும் சேர்ந்தால் அதே அம்மோனியா இன்னும் கொடியது.

இதை முறிப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசிக்கிறதாக்கும் என்று நாம் இன்னொரு சிட்டிகை தீனி போடுவோம், அது நிலைமையை மோசமாக்கும். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். இப்படிக் கழிவு படிப்படியாக மாறுவதைத்தான் நைட்ரஜன் சுழற்சி என்கிறார்கள்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை; ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்பாகக் கொழகொழவென்று வருகிறதே, நீங்கள் முகம் சுளித்துக் கழுவும் அந்த அழுக்கில் அவையும் உண்டு. குளோரின் தண்ணீரில் அலசி வெயிலிலும் போட்டால் கூட்டம் அழிந்துபோகும். அது மறுபடி பெருகச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் கொடுப்பது 7 நாள்.

போதாக்குறைக்கு, குழாய்த் தண்ணீரின் குளோரின் செவுளையும் அரிக்கும்.

இனி இப்படிச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும், அடியில் தங்கிய கசடோடு குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், எடுத்த அந்தத் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். மீன்கள் தொட்டியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் வலையில் பிடிபடும் கலவரம் மிச்சம். ஊற்றப்போகும் தண்ணீரில் ‘ஆன்டி குளோரின்’ சொட்டு மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்துகொள்ளுங்கள். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் என்ற உப்புதான் பெரும்பாலும் அதில் இருப்பது. புதுத் தண்ணீரின் சூடு தொட்டித் தண்ணீரின் சூட்டை ஒத்திருக்கட்டும். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃபில்டரை நிறுத்துகிறீர்களா? பலர் நிறுத்துகிறார்கள். நீரோட்டம் நின்றால் பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடட்டும்.

கடைசியாக ஒன்று. கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன்; ஓரடி நீளம் வரை வளரும் ரகமும் உண்டு. 2 அடித் தொட்டிக்கு நான்கு என்பதே அதிகம். செத்ததற்குப் பதில் வாங்கக் கொளத்தூர் மீன் சந்தைக்குக் கிளம்பாதீர்கள். இருப்பவையே உங்கள் தொட்டிக்குப் போதும்.