ஸ்கேனரைச் செருகுமுன்

சாவிக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு,

முன்பெல்லாம் அரமும் கட்டிங் மெஷினும் இருந்தால் இந்தத் தொழிலுக்குப் போதும். இப்போது நீ கடன் வாங்கி, காரில் சாவியைப் பதியும் ஸ்கேனர் எடுத்துக்கொண்டு வருகிறாய். 2011-இல் ஹூண்டாயின் ஃப்ளூயிடிக் வெர்னா பட்டன் ஸ்டார்ட்டோடு வந்தது. அந்த வண்டிகள் இன்று செகண்ட் ஓனர், தேர்டு ஓனர் கையில் ஓடுகின்றன. கைமாறும்போது இரண்டாவது சாவி எங்கேயோ தங்கிவிடுகிறது. இனி உனக்கு வரும் வேலை பெரும்பாலும் அந்த இரண்டாவது சாவியைப் போட்டுக் கொடுப்பதுதான். ஸ்கேனர் தன் வேலையைச் செய்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதைச் சொல்கிறேன்.

1. வண்டிக்கு முன்னால் ஆளைப் பார். ஆர்.சி., அடையாள அட்டை இரண்டையும் வாங்கு. ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று நீயே குனிந்து பார். சாவி தொலைந்தது என்றால் போலீஸ் புகாரின் நகலைக் கேள். "அண்ணன் வண்டிதான், அவசரம்" என்பவரிடம் அண்ணனையே வரச் சொல். சில பைனான்ஸ்காரர்கள் கடன் முடியும்வரை இரண்டாவது சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள்; அந்த வழக்குக்குள் நீ போய் மாட்டிக்கொள்ளாதே. கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

2. சாவி செத்துவிட்டது என்று வருகிறவருக்கு உடனே புதுச் சாவி விற்காதே. காரில் இருக்கும் ஆண்டெனா 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸில் கூப்பிடும், சாவி பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். பதில் சொல்லத்தான் செல் வேண்டும். செல்லைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார். புது சி.ஆர்.2032 மூன்று வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். செல் இறங்கியிருந்தாலும் உள்ளே இருக்கும் சிப்புக்குக் கவலையில்லை, அதற்குக் காரே கரண்ட் கொடுக்கிறது. அதனால் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்திப் பார். சில பழைய ஹூண்டாய் கார்களில் சாவியைச் செருகவென்றே ஒரு குழி இருக்கும், அதில் வை. ஸ்டார்ட் ஆனால் சிப் நன்றாக இருக்கிறது. கோளாறு செல்லிலோ சால்டரிலோதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மலிவு விலை சார்ஜர் செருகியிருந்தால் அதையும் பிடுங்கிவிட்டுப் பார். அதன் இரைச்சலில் சாவியின் சிக்னல் அமுங்கிப்போவது உண்டு.

3. ஓடுகிற சாவி ஒன்றாவது கையில் இருக்கிறதா என்று கேட்காமல் விலை சொல்லாதே. இருந்தால் அதைக் காட்டிப் புதியதைச் சேர்த்துவிடலாம், பல வண்டிகளில் சில நிமிட வேலை. ஒன்றுமே இல்லை என்றால் கதை வேறு. கதவைத் திறப்பதே முதல் பாடு. பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் இம்மொபிலைசரை ரீசெட் செய்ய 16 நிமிடம் காத்திருக்க வேண்டும். வேறு சில வண்டிகளில் டேஷ்போர்டைக் கழற்றி, உள்ளிருக்கும் பெட்டியை எடுத்து, மெமரி சிப்பைப் படித்துத்தான் வழி. செலவு பல மடங்கு. ஆகவே ஒரே சாவியோடு செல் மாற்ற வருகிறவரிடம், இரண்டாவதை இன்றே போட்டுக்கொள்ளச் சொல். வியாபாரத் தந்திரம் என்று நினைப்பார். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர் இரண்டு சாவியையும் கேட்பார் என்பதையும் சொல். அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசுவார்.

4. சாவி வாங்குவதில்தான் புதியவர்கள் பணத்தை விடுகிறார்கள். வெளித்தோற்றம் எதையும் சொல்லாது. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஆன்லைனில் வரும் சாவி 315 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். இங்கே ஓடும் கார்கள் பெரும்பாலும் 433 கேட்கும். 46 வகைச் சிப் வேண்டிய இடத்தில் 47 வகை வேலை செய்யாது. டொயோட்டா சாவி பலவற்றின் போர்டில் 271451 என்று இருக்கும். அதோடு நிறுத்தாதே, அதற்கடுத்த சிறு கோட்டுக்குப் பின்னால் வருவதையும் பொருத்திப் பார். ஷெல்லைப் பிளந்து, போர்டில் உள்ளதை போட்டோ எடுத்துக்கொண்டு ஆர்டர் போடு.

புதுப்பேட்டையில் பிரித்த வண்டியின் சாவி சல்லிசாகக் கிடைக்கும். கொத்துச் சாவியைப் போலக் குவித்து வைத்திருப்பார்கள், கை அரிக்கும். ஆனால் ஒரு காரில் பதிந்த ஸ்மார்ட் சாவி பெரும்பாலும் அந்தக் காரோடு பூட்டிக்கொள்கிறது. அதை அன்லாக் செய்ய ஆள் இருக்கிறார்கள்தான். நீ கற்றுக்கொள்ளும் காலத்தில் அது வேண்டாம். ஷெல் உடைந்தவர்களுக்கு அந்தக் கூட்டை மட்டும் வாங்கு. மற்றபடி புது ஒரிஜினல், இல்லையென்றால் எக்ஸ்ஹார்ஸ், ஆட்டெல் போன்ற யுனிவர்சல் சாவி. அவற்றைத் திரும்பவும் எழுதலாம்.

5. சாவியைப் பதியும்போது கார் கேட்கும் பின் கோடை ஊகித்து அடிக்காதே. ஹூண்டாயில் ஆறு இலக்கம். தொடர்ந்து மூன்று முறை தப்பாகப் போட்டால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

6. பழைய வண்டி, பழைய பேட்டரி. இக்னிஷனை ஆன் செய்து வெகுநேரம் வைத்திருக்கும் வேலை இது. முதலில் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டு.

7. வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் கொண்டுவரச் சொல். ஹூண்டாய் போன்றவற்றில் புதிதாகப் பதியத் தொடங்கியதும் பழைய பதிவு அழிந்துவிடும். மேஜையில் இல்லாத சாவி அதோடு வெறும் பிளாஸ்டிக். தொலைந்த சாவியை வண்டியிலிருந்து நீக்குவதற்கும் இதே வழிதான். அதனால் தொலைத்தவருக்கு இது லாபம், வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தவருக்கு நஷ்டம்.

8. சாவிக்குள்ளே ஒளிந்திருக்கும் தகட்டையும் வெட்டிக் கொடு. வெட்டாத தகட்டோடு சாவி கொடுக்கும் கடைகளை நிறையப் பார்க்கிறேன். கார் பேட்டரி இறங்கிய அன்று அந்த மனிதர் கதவுக்கு வெளியே நிற்பார். வெட்டியதும் டிரைவர் கதவில் போட்டுத் திருப்பு. வருஷக்கணக்கில் யாரும் திருப்பாத பூட்டு இறுகியிருக்கும். கிராஃபைட் பொடி போடு, எண்ணெய் விடாதே, தூசு ஒட்டும்.

9. முடிந்ததும் ஒவ்வொரு சாவியாகச் சோதி. கதவு, டிக்கி, ஸ்டார்ட்; பிறகு செல்லைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்டார்ட். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றது காருக்குள் இருக்கக் கூடாது, பத்தடி தள்ளி ஸ்டூல் மேல் வை. வண்டியில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பில்லில் எழுது. பின் கோடைத் தனிச் சீட்டில் எழுதி ஓனரிடமே கொடுத்துவிடு. கடை நோட்டில் வைத்துக்கொள்ளாதே.