ஃபைபரா, ஏர்ஃபைபரா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் வீடு. மகள் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறாள். பழைய லேண்ட்லைன் இணைப்பை மாற்றலாமா?

பதில்: தயங்காமல் ஃபைபருக்கு மாற்றுங்கள், அம்மா. லேண்ட்லைனின் செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். இடி மின்னலில் மோடமே போய்விடும். ஃபைபரில் ஓடுவது ஒளி. மரம் விழுந்து கேபிள் அறுந்தால் கஷ்டம்தான். பெரும்பாலான திட்டங்களில் அனுப்பும் வேகமும் இறக்கும் வேகமும் ஒன்றே. வீடியோ மீட்டிங்குக்கு அதுதான் முக்கியம்.

தெருவுக்குக் கேபிள் வரவில்லை என்றால் மட்டும், செல்போன் டவரிலிருந்து கம்பியில்லாமல் வரும் 5ஜி ஏர்ஃபைபர். அதற்கும் மொட்டைமாடியில் சிக்னலைச் சோதித்துப் பாருங்கள். சாயங்காலம் ஊரே செல்போனில் இருக்கையில் அந்த டவரின் வேகம் பங்குபோகும்.

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது கரண்டும் போனும் சேர்ந்தே போயின. கரண்ட் இல்லாவிட்டால் ஃபைபர் மோடமும் அணைந்துவிடும். மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.