கை ஓடினாத்தான் கூலி: 20 ரூபாய் விபத்துக் காப்பீடு

அச்சன்புதூர் பக்கம் பீடி சுற்றினாலும் நடவு நட்டாலும் கை ஓடினாத்தான் நமக்குக் கூலி. விபத்துல அந்தக் கையே போயிட்டா குழுக்கடன் தவணையை யார் கட்டுவது?

இதற்குத்தான் 2015-ல் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா வந்தது. பேங்க் அல்லது தபால் ஆபீஸ் கணக்கு உள்ள, 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய்.

விபத்தில் ஒரு கையோ, காலோ, கண் பார்வையோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். இரண்டு கை, இரண்டு கால் அல்லது இரண்டு கண்ணும் போனாலோ, இறந்தாலோ 2 லட்சம். மாதாமாதம் வராது; ஒரே தொகைதான். நோயால் வரும் முடக்கத்துக்குக் கிடையாது.

மே கடைசியில் பணம் பிடிப்பார்கள். கணக்கில் 20 ரூபாய் இல்லைன்னா பாதுகாப்பும் இல்லை. மே மாதக் கூட்டத்தில் எல்லோர் பாஸ்புக்கையும் பார்த்துடுவோமா?