பில் மெஷினின் பூட்டை நாம் திறக்கலாமா?

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. அன்று காலை கடை திறந்ததும் பில் மெஷினில் விகிதத்தை மாற்றியாக வேண்டும். பாஸ்வேர்டோ விற்ற கம்பெனியிடம் இருக்கிறது. ஆள் வர நாளாகும், கட்டணமும் தனி என்றால் நாம் என்ன செய்வது? மயிலாப்பூரிலோ தி.நகரிலோ கடை வைத்திருப்பவர் ரிச்சி தெருவில் கொடுத்துத் திறந்தால் குற்றமா?

மெஷின் நம்முடையது. உள்ளே இருக்கும் சாப்ட்வேரின் பதிப்புரிமை கம்பெனியுடையது. பூட்டுப் போடக் கூடாது என்று கம்பெனியைத் தடுக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் பூட்டைத் திறப்பவர் எல்லாம் குற்றவாளி அல்ல. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சாப்ட்வேரை முறையாக வைத்திருப்பவர், அது எந்த வேலைக்குத் தரப்பட்டதோ அந்த வேலைக்காக மாறுதல் செய்துகொள்ள இடம் தருகிறது. பாதுகாப்புக்கு ஒரு நகலும் எடுத்து வைக்கலாம்.

2012-ல் சேர்ந்த 65-ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. நகல் எடுத்து அடுத்த கடைக்கு விற்பது இதில் அடங்கும். சொந்தக் கடையில் வரி விகிதத்தைச் சரிசெய்வது அந்த வகை அல்ல என்பதே நம் கருத்து. திறந்து தரும் மெக்கானிக் நம் பெயர், முகவரி, காரணம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. நாமே கேட்டு எழுதச் சொல்வது நல்லது. விற்பனையை மறைக்க மாற்றினால் ஜி.எஸ்.டி. சட்டம் தனியே பாயும்.

எலக்ட்ரானிக் தராசின் கதை வேறு. 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்றவரே அதைப் பழுது பார்க்கலாம்; பிறகு மறுமுத்திரை வேண்டும். அதில் நாம் கை வைக்கவே கூடாது.

கம்பெனிகளுக்கும் கடிவாளம் உண்டு. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்ஷாப்களுக்குத் தராத 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2016-ல் மேல்முறையீடு செய்த மூன்று கம்பெனிகளுக்கு அபராதம் குறைந்தது. செய்தது தவறு என்ற முடிவு மாறவில்லை.

பூட்டைத் திறந்தால் வாரண்டி போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே அடுத்த மெஷின் வாங்கும்போது, விகிதம் மாற்றும் பாஸ்வேர்டு நமக்குக் கிடைக்குமா, நம் சரக்குப் பட்டியலை வெளியே எடுக்கலாமா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்வோம். முன்பணம் அதற்குப் பிறகு.