கெட்ட செக்டாரும் தேர்வறை பெஞ்சும்

மேல்நிலை முதலாம் ஆண்டு வகுப்பில் இயக்க அமைப்பு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "சார், ஹார்ட் டிஸ்க்குல ஒரு இடம் கெட்டுப்போச்சுன்னா கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

வன்தட்டின் மிகச் சிறிய சேமிப்பு அலகு செக்டார். பழைய தட்டுகளில் 512 பைட். இப்போது பெரும்பாலும் 4096. ஒவ்வொரு செக்டாரிலும் தரவோடு பிழைதிருத்தக் குறியீடும் எழுதப்பட்டிருக்கும். சிறு பிழையை அதைக் கொண்டு தட்டே திருத்திவிடும். முடியாவிட்டால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். கோப்பைத் திறக்கும்போது கணினி அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதிலும் தோற்றால்தான் 'படிக்க இயலவில்லை' என்று இயக்க அமைப்புக்குத் தெரிவிக்கும்.

அதன் பிறகு நடப்பதை விளக்கத் தேர்வறையை எடுத்துக்கொண்டேன். 17ஆம் பெஞ்சின் கால் உடைந்துவிட்டது. உபரி பெஞ்சு ஒன்றில் அதே எண்ணை ஒட்டிப் போட்டுவிடலாம். இருக்கைப் பட்டியல் மாறாது, முதன்மைக் கண்காணிப்பாளருக்குத் தெரியவும் தெரியாது. வன்தட்டு செய்வது இதைத்தான். அதற்கென்றே உபரி செக்டார்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. அல்லது பட்டியலிலேயே 17க்கு எதிரே 'பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதலாம். இது இயக்க அமைப்பின் வழி. ஃபேட் முறையில் அட்டவணையில் ஒரு தனிக் குறியீடு இடப்படும். என்டிஎஃப்எஸ் முறையில், கெட்ட இடங்களையெல்லாம் மறைவான ஒரு கோப்பின் பெயரில் எழுதிவிடுவார்கள். ஒரு கோப்புக்குச் சொந்தமான இடத்தை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாதல்லவா!

மாணவி விடவில்லை. "அந்த பெஞ்சுல ஏற்கெனவே எழுதின பேப்பர் என்ன சார் ஆகும்?"

அதுதான் சரியான கேள்வி. மாற்று பெஞ்சு அடுத்து வருபவருக்குத்தான். படிக்க முடியாத தரவை இயக்க அமைப்பு மீட்டுத் தருவதில்லை. தட்டும் உடனே இடத்தை மாற்றிவிடாது. மாற்றினால் வெற்றிடத்தையே சரியான தரவென்று கொடுக்க நேரும். ஆகவே 'நிலுவை' என்று குறித்துவைத்து, அங்கே அடுத்த முறை எழுத வரும்போதுதான் முடிவெடுக்கும்.

இதை நான் கற்றது சொந்த நஷ்டத்தில். ஓர் ஆண்டு அரையாண்டு மதிப்பெண் பட்டியல் திறக்கவில்லை. பழுது நீக்கத்தானே இருக்கிறது என்று செக்டிஸ்க் கட்டளையை முழுச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அது தட்டின் ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்க்கும். தளர்ந்துபோன தட்டுக்கு அது பெரிய சுமை. காலையில் தட்டையே கணினி அடையாளம் காணவில்லை. கொடுத்துவிட்ட விடைத்தாள்களை மாணவர்களிடம் திரும்ப வாங்கி, எல்லா மதிப்பெண்ணையும் மறுபடி பதிவு செய்தேன்.

இப்போது முதல் வேலை, படிக்க முடிகிற கோப்புகளை வேறொரு தட்டுக்கு நகலெடுப்பது. சோதனை அதன் பிறகுதான். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். தட்டு தன் நலம் பற்றி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' பதிவேட்டில் 5ஆம் எண் பெரும்பாலும் மாற்றப்பட்ட செக்டார்களையும், 197ஆம் எண் நிலுவையில் இருப்பவற்றையும் காட்டும். இந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால் புதுத் தட்டு கேட்டு எழுதிவிடுகிறேன்.

"ஃபார்மேட் பண்ணினேன், சரியாயிடுச்சு" என்று சக ஆசிரியர்கள் சொல்வதும் பொய்யில்லை. விஸ்டா முதல் விண்டோஸின் முழு ஃபார்மேட் தட்டு முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. அப்போது நிலுவைகள் தீர்ந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் அப்படித் தேறிய தட்டு ஒன்று இருக்கிறது. தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் கொடுக்கிறேன்.