வில்லோ நடுமுன் வளவை அளந்துபாருங்கள்

டொரொண்டோ பூங்காக்களில் தண்ணீர்க்கரையோரம் கூந்தலை அவிழ்த்துவிட்டதுபோல் நிற்கும் தொங்கு வில்லோவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் சாதாரண வீட்டு வளவுக்கு அது ஆகாது. 12 முதல் 15 மீட்டர் உயரம் போகும், அகலமும் ஏறக்குறைய அதே அளவு. வேர் ஈரத்தைத் தேடி வெகுதூரம் ஓடும். நல்ல குழாயை உடைக்காது. கீறல் விட்ட பழைய கழிவுநீர்க் குழாய் கிடைத்தால் உள்ளே புகுந்து அடைத்துவிடும். இங்கிலாந்தின் காப்புறுதிக் கணக்கில் வில்லோவுக்கும் வீட்டுக்கும் இடையே 40 மீட்டர் சொல்கிறார்கள். கிளையும் நொய்மையானது, 2013 டிசம்பரில் டொரொண்டோவில் பெய்த பனிக்கட்டி மழை போல ஒன்று வந்தால் தாங்காது.

ஆசையை விட முடியாதவர்களுக்கு நான் சொல்வது, 'பிரிட்சென்சிஸ்' என்ற செந்தண்டு வில்லோ. விட்டால் அதுவும் பெருமரம்தான். ஆண்டுதோறும் வெட்டினால் புதராகவே நிற்கும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில், வெண்பனி நடுவே அதன் ஆரஞ்சுச் சிவப்புத் தண்டுகள்தான் அழகு.

நடுவது சுலபம். மண் உறைவு விட்டதும், மொட்டு விரியுமுன், போன வருடம் வளர்ந்த தண்டில் பென்சில் பருமனில் 25–30 சென்டிமீட்டர் குச்சிகளை வெட்டுங்கள். அடிமுனையைக் கணுவுக்குக் கீழே சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நட வாய்ப்பில்லை. மொட்டுகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். நல்ல வெயில் படும், குழாய்ப் பாதையிலிருந்து விலகிய இடத்தில், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி குத்துங்கள். வேர்விடும் மருந்து எதுவும் வேண்டாம், வில்லோவுக்கு அது வீண்செலவு. முதல் கோடை முழுக்க மண் காயவிடாதீர்கள். சுற்றிலும் புல்லை எடுத்துவிட்டு மரத்தூள் மூடாக்குப் போடுங்கள், தண்டில் ஒட்டக்கூடாது.

கவாத்துதான் முக்கியம். நிறம் இளந்தண்டில் மட்டுமே இருக்கும், முதிர்ந்த பட்டை மங்கிவிடும். அதனால் செடி நன்றாகப் பிடித்தபின், இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலிருந்து, வசந்தத் தொடக்கத்தில் தரையிலிருந்து 5–8 சென்டிமீட்டர் விட்டு எல்லாவற்றையும் வெட்டுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள்; கோடை முடிவதற்குள் ஆளுயரத்துக்குத் தளிர்த்துவிடும்.

வெட்டிய குச்சிகளை ஈரமண்ணில் போட்டுவைக்க வேண்டாம், கிடந்த இடத்திலேயே வேர்விடும். அடுத்த வீட்டார் கேட்டால் கொடுங்கள், அவர்கள் வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று விசாரித்துவிட்டு.