மரம் சொல்லும் வரலாறு

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, வினாக்களுக்கு விடையளிக.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் தேசிய அரும்பொருளகம் உள்ளது. இத்தகைய அரும்பொருளகங்களில் பழைய துப்பாக்கியைக் காணும்போது நம் கண்கள் இரும்புக் குழலையே நாடும். ஆனால், அதைச் செய்தவர்களைப் பற்றி மிகுதியாகப் பேசுவது குழலைத் தாங்கும் மரக்கட்டையே.

அக்காலத்தில் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்குவர். அக்கோலைச் செருகி வைக்கும் பள்ளமும் மரக்கட்டையில் இருக்கும். எஞ்சிய பரப்பு கலைஞனின் கைவண்ணத்திற்கு உரியது.

மலாய் மக்களின் திரித்துப்பாக்கிக்கு ‘இஸ்திங்கார்’ என்று பெயர். போர்த்துகீசிய மொழியில் துப்பாக்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. அதன் கட்டை குட்டையானது. தோளில் பதிக்காமல் கன்னத்தோடு அணைத்துச் சுடுவர். மலாய்ச் செதுக்குக் கலைக்கே உரிய இலையும் கொடியும் இக்கட்டைகளிலும் இடம்பெற்றன. உயிரினங்களின் உருவங்களைப் பெரிதும் தவிர்க்கும் இஸ்லாமிய மரபு அக்கலையில் படிந்துள்ளது.

மைசூரை ஆண்ட திப்பு சுல்தானும் இஸ்லாமியரே. எனினும், அவர் புலியைத் தம் சின்னமாகக் கொண்டார். அவருடைய துப்பாக்கிகளில் புலித் தலைகளையும் புலிவரிகளையும் காணலாம். 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு போரில் மாண்டார். அவருடைய ஆயுதங்கள் பல கடல் கடந்து சென்றன. இன்று அவற்றின் உரிமையாளரை அடையாளம் காட்டுவது அப்புலியே.

கண்டி அரண்மனையிலிருந்து 1765ஆம் ஆண்டு டச்சுப் படையினர் ஒரு பீரங்கியைக் கொண்டு சென்றனர். அதில் பொறிக்கப்பட்ட சூரியன், பிறை, சிங்கம் ஆகியவை கண்டி மன்னரின் சின்னங்கள். 2023ஆம் ஆண்டு நெதர்லாந்து அதனை இலங்கையிடம் திருப்பி அளித்தது. அதனுடன் இரு பெரிய துப்பாக்கிகளும் தாயகம் திரும்பின.

ஆகவே, அலங்காரம் வெறும் அழகன்று, அது சான்று. கிள்ளானில் உள்ள பாட்டி வீட்டுப் பழைய மரப்பெட்டிக்கும் இது பொருந்தும். அதைத் தேய்த்துப் புதுச்சாயம் பூசுமுன், அதில் உள்ள கோடுகளையும் பூக்களையும் உற்று நோக்குங்கள். தேய்த்தபின் அச்சான்று மீளாது.

வினாக்கள்

1. இஸ்திங்காரை எவ்வாறு பிடித்துச் சுடுவர்?
2. ‘அலங்காரம் வெறும் அழகன்று, அது சான்று.’ இக்கூற்றைப் பகுதியிலுள்ள இரு சான்றுகளுடன் விளக்குக.
3. உங்கள் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றின் வேலைப்பாட்டை ஐந்து வாக்கியங்களில் விவரித்து எழுதுக.